தலைகொடுத்தாருக்கு முதல் குடம்

அங்கிட்டுப் போகாதீக. ஏங்க, உங்களத்தான். காமிராப் பை மாட்டியிருக்கவுக. அந்தப் பாதையில போகாதீகன்னு சொல்றேன்ல? இங்கிட்டு வாங்க. கல்லப் பாக்கத்தானே வந்தீக? கல்லப் பாக்க வர்றவுகள எனக்குத் தெரியும். பஸ்ஸ விட்டு எறங்குனதும் கடலப் பாக்க மாட்டாக, மீனப் பாக்க மாட்டாக, தலைகொடுத்தார் கல்லு எங்க இருக்குன்னுதான் கேப்பாக. இங்கேருந்தே தெரியுதுல்ல, பனைக்கு நடுவுல, நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டிக் கெடக்கு, அதான். கட்டுனது நான். அவுக்கிறதா இருந்தாலும் நான்தான் அவுக்கணும். இன்னைக்கி அவுக்கிறதா இல்ல. உக்காருங்க.

ஏய் மாரிக்கண்ணு, சாருக்கு ஒரு டீ போடு. பாலு தண்ணியா இருந்துச்சு, கிளாசோட உன் நெத்தியில அடிப்பேன். சும்மா சொல்லலீங்க, முன்னாடி ஒருக்கா அடிச்சேன். அந்தா தழும்பு பாருங்க. ஏண்டா, நான் அடிச்சதுதானே? சிரிக்கிறான் பாருங்க. நல்ல பய. நான் அடிக்கிற ஆளு இல்லீங்க. சில நேரம் கை போயிருது, அவ்வளவுதான்.

என் பேரு நம்புராசு. கருவாட்டு வாடி, மீன உப்புல போட்டுக் காயவைக்கிற கொட்டகை, அது நம்முளுது. காத்து இப்படித் திரும்பும்போது ஒரு வாடை வருதுல்ல, அது எங்க வாடைதான். இப்ப பதினோரு மணி பஸ்ஸுல என் தம்பி வர்றான். பூவலிங்கம்னு பேரு. மதுரை பெரியாஸ்பத்திரியிலேருந்து வர்றான். எறங்குனதும் வீட்டுக்குப் போக மாட்டான், எனக்குத் தெரியும், நேரா கல்லுகிட்டத்தான் போவான். போக விடக் கூடாது. அதுக்குத்தான் விடிஞ்சதுலேருந்து இங்க உக்காந்திருக்கேன்.

ஏன்னு கேக்குறீகளா? சொல்றேன். மொதல்ல கல்லச் சொல்றேன்.

நின்ன வாக்குல ஒரு வீரன். ஒரு கையால தன் தலமயிரத் தானே புடிச்சிருப்பாரு. இன்னொரு கையில வாளு. வாளு யாரு கழுத்துல இருக்குன்னு நெனைக்கிறீக? தன் கழுத்துலதான். ராசாக்க காலத்துல சண்டையில செயிக்கணும்னு காளிக்கித் தன் தலையத் தானே அறுத்துக் குடுத்தவரு. எண்ணூறு வருசத்துக் கல்லுன்னு படிச்சவுக சொல்றாக. எங்க வம்சத்துக்கு மூப்பன் அவருதான், நாங்க அய்யான்னுதான் சொல்லுவோம். கழுத்த அறுக்கிற ஆளு மூஞ்சில ஒரு சுளிப்பாச்சும் இருக்கணும்ல? இருக்காது. பந்தியில உக்காந்து எலையப் பாக்குற மாதிரி, சாதாரணமா ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பப் பாத்துத்தான் நாங்க வளந்தோம். சின்னப் பிள்ளையில பூவலிங்கம் பொழுதன்னைக்கும் அங்கதான் கெடப்பான். நான் போயி ரெண்டு சாத்துச் சாத்தி வீட்டுக்கு இழுத்துட்டு வருவேன்.

ஆடி அமாவாசை அன்னைக்கி அய்யாவுக்குக் கடல் நீராட்டு. காலையில கடல்ல கொடம் மொண்டு, தோள்ல வச்சு ஓடியாந்து, அய்யா தலையில ஊத்தணும். முதக் கொடம் எங்க வீட்டு மூத்த ஆம்பளைக்கி. அதுக்குப் பெறகு ரெண்டாங் கொடத்துக்கு ஊரே அடிச்சுக்கிட்டு வரும். வருசந்தவறாம ஒருத்தன் மண்ட உடையும், உடைஞ்சாத்தான் மழை உண்டும்பாக. முதக் கொடத்துக்கு அடிபுடி கெடையாது. அது என்னுது. எங்கப்பா செத்ததுலேருந்து நான்தான் ஊத்துறேன். ஒரு வருசம் மூத்தவன் ஊத்தலேன்னு வைங்க, கொடம் அடுத்தவனுக்குப் போயிரும். போனா போனதுதான், திரும்ப வராது. அப்படித்தான் எங்க பெரியப்பா வீட்டுலேருந்து எங்கப்பாவுக்கு வந்துச்சு. பெரியப்பாவுக்கு அன்னைக்கிக் காய்ச்சல். எங்கப்பா காத்திருக்கல. அதுல ரெண்டு வீட்டுக்கும் வெட்டுக்குத்தாகிப் போச்சு, அது வேற கதை.

அய்யா மூஞ்சி பொருக்குப் பொருக்கா உதிர ஆரம்பிச்சது என் காலத்துலதான். மழை விட்டு வெயிலடிச்சா மேலெல்லாம் வெள்ளையாப் பூக்கும். தொட்டா மாவு மாதிரி கையில வரும். மொதல்ல காது மடல் போச்சு. பெறகு வாள் நுனி. செவப்பு மணல்கல்லு அது, கருங்கல்லு இல்ல. கல்லு கெட்டுப் போகுதுன்னு புரிஞ்சுபோச்சு. கெட்டுப்போற பொருளுக்கு என்ன செய்யணும்னு என்னைய விட யாருக்குத் தெரியும்? கரைக்கு வந்த மீனக் கீறி, கொடல எடுத்து, உப்பத் தேச்சு, தொட்டியில அடுக்குற பரம்பரை. உப்பு பட்ட மீனு கெட்டு நீங்க பாத்திருக்கீகளா? மாசக்கணக்கா கெடக்கும், அப்படியே இருக்கும்.

அய்யா காலடியில பள்ளந் தோண்டி, மூட்டையாக் கல்லுப்பக் கொட்டுனேன். அதுக்கு மேல சிமெண்டுல மேடை கட்டுனேன். சிமெண்டு கொழைக்கக் கடல் தண்ணிதான், அய்யாவுக்கு உகந்த தண்ணியாச்சே. கல்லு மேலயும் ரெண்டு பூச்சு வார்னிஷ் அடிச்சேன். நேத்துச் செஞ்ச மாதிரி பளபளன்னு நின்னாரு. ஊரே கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அடுத்த வருசம் மூக்கு நுனியில ஒரு பொருக்கு போச்சு. பாருங்க, அவ்வளவு செஞ்சும் போச்சு. நான் மட்டும் செய்யாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?

அப்பத்தான் சென்னையிலேருந்து அந்த மேடம் வந்தாக. சுகிர்தான்னு பேரு. பழைய சிற்பங்களக் காப்பாத்துற வேல. ஒல்லியா, என் தோளுக்குத்தான் இருப்பாக. கல்லச் சுத்திச் சுத்தி வந்தாக, பிரஷ்ஷால தட்டுனாக, காத வச்சுக் கேட்டாக. "இந்த மேடைய யாரு கட்டுனது?"ன்னாக. நெஞ்ச நிமித்திச் சொன்னேன். அடியில உப்பு போட்டதையும் சொன்னேன். அந்தம்மா அப்படியே மேடையில உக்காந்து தலையில கைய வச்சுக்கிட்டாக. சந்தோசத்துல உக்காந்துட்டாகன்னு நெனச்சேன்.

பெறகு சொல்றாக, "அய்யா, இந்தக் கல்லு கீழேருந்து தண்ணிய உறிஞ்சுது. தண்ணியோட உப்பும் ஏறுது. தண்ணி காஞ்சு போயிருது, உப்பு போகாது. தோலுக்கு அடியில தங்கிக் கட்டியாகி, உள்ளருந்து கல்லத் தள்ளுது. மேல நீங்க வார்னிஷ் அடிச்சு மூடிட்டீங்க. அது வேற வழியில்லாம முகத்தப் பிச்சுக்கிட்டு வெளிய வருது"ன்னு.

என்கிட்ட. உப்பப் பத்தி. என்கிட்ட!

"எங்க வாடிக்கி வாங்க மேடம், உப்பு எதத் தள்ளுதுன்னு காட்டுறேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன். உப்பாவது மண்ணாவது. மறுநாள் ஆளக் கூட்டியாந்து என் மேடைய உளி வச்சுக் கொத்துறாக. நான் கட்டுன மேடைய! மம்முட்டியப் புடுங்கிக் காம்பால ஒருத்தனப் போட்டேன். தோள்பட்ட எறங்கிருச்சு. எறங்குனா ஏத்திக்கிற வேண்டியதுதான், அதுக்கு ஊரக் கூட்டுவாங்களா? கூட்டுனாக. ஊர்ப் பெரியவுக எல்லாம் மேடம் பக்கம். என் தம்பியும் மேடம் பக்கம்.

என் தம்பிய நீங்க பாக்கணும். கொசு கடிச்சாக்கூட அடிக்க மாட்டான், ஊதி விடுவான். வாடியில என்கூடத்தான் வேல. மீனு கீறும்போது அவன் வாயில பேச்சே இருக்காது. அப்பேர்ப்பட்டவன் எந்திரிச்சு, "அண்ணே, அவுக சொல்றதக் கேப்போம்ணே. நம்ம செஞ்சுதான் பாத்தாச்சே"ங்குறான். ஊர்க் கூட்டத்துல. எனக்கு எதுக்க. அன்னைக்கிக் கூட்டத்துலயே ஒண்ணு விட்டேன் கன்னத்துல. தொடச்சிக்கிட்டு, "கேப்போம்ணே"ன்னான். இன்னொண்ணு விட்டேன். அதுக்கும் அதேதான்.

உப்பெல்லாம் தோண்டி எடுத்தாக. பெறகு கேன் கேனா வேன்ல தண்ணி வந்துச்சு. என்ன தண்ணின்னு கேட்டா, பாட்டரிக்கு ஊத்துற தண்ணியாம். ஊத்துத் தண்ணி ஆகாதாம், கொழாத் தண்ணி ஆகாதாம், எல்லாத்துலயும் உப்பு இருக்காம். ஊருல பொம்பளைக கொடத்தத் தூக்கிக்கிட்டு நல்ல தண்ணிக்கி அலையுறாளுக, கல்லுக்குப் பாட்டரித் தண்ணி! மீனு கீறுற கத்தியோடதான் போயிருந்தேன். கேனு கேனாக் குத்துனேன். குத்தக் குத்தத் தண்ணி பீச்சி அடிச்சது, மூஞ்சிலெல்லாம். பொய் சொல்லக் கூடாது, அதுல ஒரு சந்தோசம் இருந்துச்சு. கடைசிக் கேனு மேல பூவலிங்கம் குப்புறப் படுத்துக்கிட்டான். "என்னையக் குத்திட்டுக் குத்துணே"ங்குறான். கத்திய ஓங்கிட்டேன். பெறகு என்னமோ எறக்கிட்டேன். அன்னைக்கி எறக்குனதுதான் தப்பு. அன்னைக்கே ஒரு கீறு கீறியிருந்தா பயந்து ஒதுங்கியிருப்பான், இம்புட்டுத் தூரம் வந்திருக்காது.

வைத்தியம் என்ன தெரியுமா? காயிதம். காயிதத்த அந்தத் தண்ணியில ஊறப்போட்டு, கூழாக்கி, இட்லி மாவுப் பதத்துல அய்யா மேல அப்புறாக. உதிர்ற எடத்துல எல்லாம் முன்னாடியே மெல்லிசு காயிதத்த ஒட்டிக்கிட்டாக. கூழு காயக் காயக் கல்லுக்குள்ள இருக்க உப்பு கூழுக்கு வந்துருமாம். நல்லாக் காஞ்சா தானா விட்டு வருமாம். "அது வரைக்கும் யாரும் தொடாதீங்க. ஈரத்துல இழுத்தா தோலோட வந்துரும்"னு சொன்னாக. எல்லாருக்கும்தான் சொன்னாக, எனக்கும் காதுல விழுந்துச்சு. கண்ணு, மூக்கு, வாயின்னு எல்லாத்தையும் மூடி அப்பியிருந்தத மொத நாளு பாத்தப்போ, பொணத்துக்குத் துணி சுத்துன மாதிரி இருந்துச்சு. மூச்சு முட்டுச்சுங்க, எனக்கு.

மொத தடவ அப்புனது காஞ்சு, பாளம் பாளமா எடுத்தாக. பூவலிங்கம் அதுல ஒரு துண்ட எடுத்துக்கிட்டு வாடிக்கி ஓடியாறான். "அண்ணே, நக்கிப் பாருணே. கருவாடு மாதிரி கரிக்குது. இம்புட்டும் அய்யாவுக்குள்ள இருந்துச்சுணே." அவன் நாக்குல வெள்ளையா உப்பு ஒட்டியிருக்கு. கண்ணுல தண்ணி நிக்குது அவனுக்கு. நான் நக்கல. துண்டப் புடுங்கி அவன் வாயில அடிச்சேன். ஒதடு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. அந்த வாயோட திரும்பிப் போயி ரெண்டாந் தடவைக்கிக் கூழு கரைச்சுக் குடுத்தான்.

என்ன பாக்குறீக? டீயக் குடிங்க, ஆறுது.

மூணாந் தடவ அப்புறதுக்கும் ஆடி அமாவாசைக்கும் சரியா வந்துச்சு. மேடம் என் வீட்டுக்கே வந்தாக. அவுகளப் பத்தி அதையும் சொல்லணும், பயந்தவுக இல்ல. "முகம் இப்ப பச்சப்பிள்ளை தோல் மாதிரி இருக்கு. இந்த வருசம் மட்டும் கடல் தண்ணி வேணாம்யா. அடுத்த வருசத்துக்குள்ள கல்லக் கெட்டிப்படுத்திருவேன்"னாக. பூவலிங்கம் பின்னாடியே வந்து, "ஒரு வருசம் விட்டுருணே. கொடம் எங்கயும் போயிராது"ன்னான்.

எங்கயும் போகாதா? ஒரு வருசம் விட்டா அடுத்தவனுக்குப் போகும். அடுத்தவன் யாரு? அவன்தானே? எனக்கு அப்பத்தான் எல்லாம் வெளங்குச்சு. காயிதம், பாட்டரித் தண்ணி, மேடம், ஊர்க் கூட்டம் எல்லாம் எதுக்குன்னு வெளங்குச்சு. மொகத்துக்கு நேராவே கேட்டேன். அவன் அழுதுட்டான். சூடத்தக் கொளுத்தி அணைச்சுச் சத்தியம் பண்ணுனான், கொடத்த நான் தொடவே மாட்டேன், என் பிள்ளையும் தொட மாட்டான்னு. நீங்க சொல்லுங்க, தொட மாட்டேன்னு எவன் சத்தியம் பண்ணுவான்? தொடணும்னு நெனச்சவன்தானே பண்ணுவான்? நெனப்பே இல்லாதவனுக்கு எதுக்குச் சத்தியம்?

ஊரு ஒரு வழி சொல்லுச்சு. கொடத்த வழக்கம்போலக் கொண்டாந்து, அய்யாவுக்கு எட்டத்துல மணல்ல ஊத்திரு, மொறை கெடாதுன்னு. சரின்னுட்டேன். சரின்னு சொன்னா பேசாம இருப்பாகல்ல? மணல்ல ஊத்தவா எங்கப்பன் எனக்குக் கொடத்தக் குடுத்துட்டுப் போனான்?

அமாவாசைக் காலையில கடல்ல முங்கி, கொடம் மொண்டேன். செம்புக் கொடம், எங்க பாட்டன் காலத்துது. நெறஞ்சா ரெண்டு கை வேணும். கொட்டு அடிக்கிறாக, சனம் பின்னாடி ஓடிவருது. ஊரு கயிறு கட்டியிருந்துச்சு, கயித்துக்கிட்ட நிக்கணும். நான் நிக்கல, கயித்தத் தாண்டிட்டேன். அங்க கல்லுக்கு முன்னாடி பூவலிங்கம். முந்துன நாளுதான் கூழு அப்பியிருக்கு, ஈரமா இருக்கு. முதுக அய்யாவுக்குக் காட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறான்.

"தள்றா"ன்னேன்.

"மணல்ல ஊத்துணே."

"தள்றா. இது என் கொடம்."

"உன் கொடந்தாண்ணே. அய்யா மூஞ்சி எல்லாருக்கும்ணே."

அடிக்கணும்னு அடிக்கல. வழியில நின்னான். கொடத்தோட ஒரு சுத்துச் சுத்துனேன். தாடையில பட்டுச்சு, முத்துன தேங்காய ஒடைச்ச மாதிரி ஒரு சத்தம். விழ வேணாமா ஒரு மனுசன்? விழல. கையக்கூட மடக்கல. அதுக்குத்தான் திரும்ப அடிச்சேன். மூக்கு போச்சு, கண்ணுல ரத்தம், அப்பவும் நிக்கிறான். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கிறான். மொத அடியிலயே விழுந்திருந்தா ஒரு அடியோட போயிருக்கும்ங்க. அது அவன் தப்பு. நான் அடிக்கிற ஆளு இல்ல, அவன்தான் அடிக்க வச்சான். கடைசியில காலு மடங்கி உக்காந்தான், உக்காந்து சரிஞ்சான். அப்பவும் ஒரு கை அய்யா காலப் புடிச்சிருந்துச்சு.

சனம் கத்துது. எனக்குக் கேக்கல. கல்லு முன்னாடி நான் மட்டும் நிக்கிறேன். இப்பக் காயிதத்து மேலயா ஊத்துறது? அய்யா ஒடம்பு மேல ஊத்தணும்ல? கூழுக்குள்ள வெரல விட்டேன். காதுப் பக்கமாப் புடிச்சு ஒரே இழுப்பு. முழுசா வந்துச்சு, பாளமா, ரெண்டு கையிலயும். லேசாத்தான் இழுத்தேன். அம்புட்டு லேசா வந்துச்சு.

திருப்பிப் பாத்தேன். உள்ள அய்யா இருந்தாரு. கண்ணு, மூக்கு, அந்தச் சிரிப்பு, எல்லாம் காயிதத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கல்லப் பாத்தேன். அங்க ஒண்ணுமில்ல. செவப்பா, தோலுரிச்ச மாதிரி ஒரு பள்ளம். தலமயிரப் புடிச்ச கை இருக்கு, கழுத்துல வாளு இருக்கு, நடுவுல ஆளக் காணோம்.

சரி, ஊத்திருவோம்னு கொடத்தத் தூக்குனா, கொடத்துல சொட்டுத் தண்ணியில்ல. அடிச்சப்பவே அம்புட்டும் பூவலிங்கத்து மேல கொட்டிப்போச்சு. இந்த வருசம் முதக் கொடத்த வாங்கிக்கிட்டது தம்பிதான்னு ஊருக்குள்ள ஒருத்தன் பேசுனான். அவனுக்கு முன் பல்லு ரெண்டும் இப்ப இல்ல.

மேடம் அந்தப் பாளத்த என் கையிலேருந்து வாங்குனாக. பிள்ளைய வாங்குற மாதிரி வாங்கி, பெட்டியில பஞ்சு வச்சுச் சென்னைக்கி எடுத்துட்டுப் போயிட்டாக. வைதிருக்கலாம். வைதிருந்தா நானும் வைதிருப்பேன்.

போலீசு வந்துச்சு. ஆஸ்பத்திரியில போயி அவன்கிட்ட, "உங்க அண்ணன்தானே அடிச்சாரு?"ன்னு கேட்டிருக்காக. தாடையக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, தல பூராக் கட்டு. இல்லன்னு தலைய ஆட்டிட்டான். வழுக்கி விழுந்தியா? ஆமான்னு ஆட்டிட்டான். அப்படி ஆட்டுறதுக்கு உசுரே போயிருக்கும்னு நர்சு சொன்னாக. அவன் வாயிலேருந்தே வராதப்ப ஊருல எவன் சாட்சி சொல்லுவான்? விட்டுட்டாக. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்! இவன் யாரு என்னைய விடுறதுக்கு? காட்டிக் குடுத்திருந்தா செயில்ல களியத் தின்னுட்டு நிம்மதியாக் கெடந்திருப்பேன். இப்ப சோறு எறங்க மாட்டேங்குது.

கேக்கத்தான் போனேன் மதுரைக்கி, ஏண்டா அப்படிச் சொன்னன்னு. வார்டு வாசல்லயே அவன் பொஞ்சாதி நாகவள்ளி செருப்பக் கழட்டி அடிச்சா. அத்தன பேருக்கு முன்னாடி. வாங்கிக்கிட்டேன். அவள மட்டும் திருப்பி அடிக்கல. கை ஏன் போகலன்னு தெரியல. அவ ஓஞ்சுபோயி உக்காந்ததும் உள்ள போனேன்.

ஒத்தக் கண்ணு மட்டும் தெரியுது. என்னையப் பாத்ததும் கட்டில்லேருந்து கைய எடுத்தான். அடிக்கத்தான் வர்றான்னு நெனச்சேன், அடிடான்னு குனிஞ்சேன். அவன் அந்தக் கையால தன் தலமயிரத் தானே புடிச்சுக் காட்டுறான். அய்யா நிக்கிற மாதிரி. பெறகு மூஞ்சியத் தொட்டுக் காட்டி, வெரல ஆட்டுறான், என்ன ஆச்சுன்னு. கேக்குறான்ங்க, அந்தக் கோலத்துல. விழுந்ததோட அவனுக்கு நெனவில்ல, ஆம்புலன்சுல அப்படியே போனவன். நாகவள்ளியும் வீட்டுலேருந்து நேரா ஓடிவந்து வண்டியில ஏறுனவ. ரெண்டு பேரும் கல்லப் பாக்கல.

நான் சொல்லிட்டேன். "முழுசா இருக்காருடா. ஒரு பொருக்குக்கூடப் போகல. நீ காப்பாத்திட்டடா"ன்னுட்டேன்.

அந்த ஒத்தக் கண்ணுலேருந்து தண்ணியாக் கொட்டுது. என் கையப் புடிச்சுக்கிட்டான். விடவே இல்ல, தூங்குற வரைக்கும் விடல.

ஊருல வந்து எல்லாருக்கும் சொல்லிட்டேன், எவனாச்சும் மதுரைக்கிப் போயி வாயத் தொறந்தா வாடியில கீறித் தொட்டியில அடுக்கிருவேன்னு. மேடத்துக்கும் போன் போட்டேன். அவன் வர்றதுக்குள்ள மூஞ்சிய ஒட்டிக் குடுங்க, இல்லேன்னா சென்னைக்கி வந்து உங்க ஆபீசையே உடைப்பேன்னேன். "மூக்குல ஒரு துண்டு நிக்கும்யா. கண்ணும் வாயும் மாவாப் போச்சு. இல்லாத முகத்த நான் புதுசாச் செய்ய மாட்டேன். உங்க தம்பிகிட்ட நானாப் போய்ச் சொல்லவும் மாட்டேன், நீங்க சொல்லுங்க"ன்னு வச்சுட்டாக. நானே செய்வோம்னு சிமெண்டக் கொழைச்சு, கரண்டியால இழைச்சு இழைச்சுப் பாத்தேன். கொரங்கு மாதிரி வந்துச்சு. சுத்தியல எடுத்து அடிச்சுத் தூளாக்கிட்டேன். அப்பத்தான் தார்ப்பாயக் கட்டுனது.

இன்னைக்கி வந்தான்னா, கூழு இன்னும் காயலடா, காத்துப் படக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காகன்னு சொல்லி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நாளைக்கும் அதையே சொல்லுவேன். அப்படியே தள்ளிக்கிட்டுப் போயிற வேண்டியதுதான். நம்புவான். நான் சொன்னா நம்புற பய.

இந்தா, ஆரன் சத்தம். வந்துருச்சு.

நாகவள்ளி எறங்குறா. ஏய் மாரிக்கண்ணு, அந்தப் பக்கம் போயி நில்லு, வாயத் தொறக்காத. பின்னாடி எறங்குறது யாருங்க? அந்தத் துண்டு போர்த்துனவரு? நாகவள்ளி யாரு கையப் புடிக்கிறா?

அது என் தம்பி இல்லீங்க. என் தம்பிக்கு மூக்கு எடுப்பா இருக்கும். இந்தாளுக்கு... ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டிருந்தாக, நான் கட்டத்தான் பாத்தேன். கட்டுக்குள்ள இப்படி இருக்கும்னு யாரும் சொல்லலயே. கன்னம் எங்கங்க? அந்தப் பக்கத்துக் கன்னத்தக் காணோமேங்க.

என்னையப் பாத்துட்டான். சிரிக்கிறான். ஒரு பக்கந்தான் சிரிப்பு வருது அவனுக்கு.

டேய். டேய் பூவலிங்கம். வீட்டுக்கு வாடா, அங்கிட்டுப் போகாத. கூழு காயல... ஏங்க, நான் கத்துறேன்ல? சத்தம் வருதா? வரலயே. அந்தா பாதையில எறங்கிட்டான். நாகவள்ளி கைய உதறிட்டுப் போறான். நடக்கவே தெம்பு இல்ல, எப்படிப் போறான் பாருங்க.

நீங்க போங்க. வெரசாப் போங்க. படிச்சவுக சொன்னா கேப்பான். நான் இழுத்ததுல போகலன்னு சொல்லுங்க. உப்பு தின்னுருச்சுன்னு சொல்லுங்க. மேடம் சொன்னது சரின்னு சொல்லுங்க, அவன் சொன்னதும் சரின்னு சொல்லுங்க. கீழேருந்து ஏறுது, உள்ள தங்குது, உள்ளருந்தே பிச்சுக்கிட்டு வருதுன்னு சொல்லுங்க. உப்புன்னா நம்புவான்.

தார்ப்பாய்க் கயித்த அவுக்குறான்.

எந்திரிங்கய்யா. எனக்குக் காலு வரல.